ஒரே ஜமுக்காளத்தில் எதிரெதிர்க் கட்சிகள்: உரையாடல் வட்டம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அண்ணன் ஒரு கரை வேட்டி, தம்பி வேறொரு கரை வேட்டி. ஆனாலும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. இன்று அதே குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட மீம்ஸுக்காக இன்னொருவர் குழுவை விட்டே வெளியேறுகிறார். கொள்கை வேறுபாடு அன்றும் இருந்தது. இப்போது அதோடு வெறுப்பும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அமெரிக்காவில் இந்த வெறுப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960இல் கேட்டபோது, ஆம் என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010இல் அதே மாதிரி கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர் ஆம் என்றார்கள். இவர்கள் மருமகனின் கொள்கையைப் பற்றி விசாரிக்கவே இல்லை. கட்சிப் பெயரைக் கேட்டதுமே முகம் சுளித்தவர்கள்.

மாதம் ஒருமுறை, எட்டுப் பேர், 100 நிமிடம் என்ற அளவில் ஒரு உரையாடல் வட்டத்தை உங்கள் ஊரில், தெருவில், குடியிருப்பில் எப்படித் தொடங்கி நடத்துவது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். பெரிய செலவில்லை. ஆனால் வரிசை முக்கியம், அளவு முக்கியம். எட்டுக்குப் பதில் இருபது பேரைக் கூட்டினாலோ, படிகளில் ஒன்றைத் தவிர்த்தாலோ இரண்டாம் கூட்டத்துக்கு ஆள் வராது.

முதலில் இலக்கைச் சிறிதாக்குங்கள்

யாருடைய மனத்தையும் மாற்றுவது வட்டத்தின் வேலையில்லை. எல்லோரையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதும் வேலையில்லை. கற்க வேண்டிய திறன் ஒன்றுதான்: எதிர்த்தரப்பின் வாதத்தை, "ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான்" என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்வது.

தமிழுக்கு இது பழைய பழக்கம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பரபக்கம் (பிறர் தரப்பு), சுபக்கம் (தன் தரப்பு) என்று இரண்டு பாகமாக இயற்றினார். பரபக்கத்தில் உலகாயதம் (கண்ணுக்குத் தெரியும் உலகமே உண்மை என்ற கொள்கை) முதலாகப் பிற மதங்களின் கொள்கையை எடுத்துரைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். தம் கொள்கைக்கு முறை வருவது அதற்கும் பிறகு, சுபக்கத்தில். முந்தைய பேச்சாளர் சொன்னதை அவருக்கே திருப்தி வரும்படி திருப்பிச் சொன்ன பிறகே தன் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் முன்வைத்த விதியும் இதுதான். கேட்கச் சுலபமாகத் தோன்றும். செய்து பாருங்கள், முதல் முயற்சியில் பெரும்பாலோருக்கு வராது.

பட்டிமன்றப் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள். பட்டிமன்றத்தில் இரண்டு அணி, நடுவர், கைத்தட்டல், தீர்ப்பு எல்லாம் உண்டு. கைத்தட்டலுக்குப் பேசுகிறவர் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசமாட்டார், கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அதனால் வட்டத்தில் பார்வையாளர் என்று ஒருவர்கூட இருக்கக் கூடாது. வந்தவர் எல்லோரும் பேசுகிறவர்கள். தீர்ப்பு கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது.

ஆட்களைச் சேர்ப்பது

எட்டுப் பேர், இரண்டு நெறியாளர்கள், ஆகப் பத்துப் பேர். ஆறுக்குக் கீழே போனால் ஒருவர் வராவிட்டாலும் கூட்டம் குலைந்துவிடும். பன்னிரண்டுக்கு மேலே போனால் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கி, பேசத் தெரிந்த நான்கு பேரே பேசுவார்கள். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும், ஜோடி பிரிக்க வேண்டியிருக்கும்.

எண்ணிக்கையைவிடக் கலவை முக்கியம். அமெரிக்காவின் கொலராடோவில் 2005இல் ஒரு சோதனை நடந்தது. போல்டர் நகரின் இடதுசாரிச் சாய்வுள்ளவர்களைத் தனியாகவும், கொலராடோ ஸ்பிரிங்ஸின் வலதுசாரிச் சாய்வுள்ளவர்களைத் தனியாகவும் சிறு சிறு குழுக்களாக உட்கார வைத்துப் பருவநிலை மாற்றம் உள்ளிட்ட தலைப்புகளைப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் இரண்டு ஊர்க்காரர்களும் தொடங்கியபோது இருந்ததைவிடத் தீவிரமானார்கள். குழுவுக்குள் முன்பு இருந்த சிறு கருத்து வேறுபாடுகளும் மறைந்துபோயின. ஒத்த கருத்துக்காரர்கள் கூடி "ஆரோக்கியமான விவாதம்" நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்தக் கூட்டத்தை நடத்தாமல் இருப்பதே மேல்.

எந்தத் தரப்பிலும் மூன்று பேருக்குக் குறையாமல் பாருங்கள். ஒரே ஒருவர் இருந்தால் அவர் தன் கட்சிக்கே வக்கீலாக மாட்டிக்கொள்வார். அவர் கட்சி டெல்லியில் செய்ததற்கும் மதுரையில் செய்ததற்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு பேர் என்றால் ஒருவரையொருவர் காப்பாற்றுவதிலேயே நேரம் போய்விடும். மூன்று பேர் இருந்தால்தான் அவர்களுக்குள்ளேயே உள்ள வேறுபாடு வெளியே தெரியும். எதிர்த்தரப்பில் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்ற எண்ணம் உடைவதும் அப்போதுதான்.

ஆளைத் தேடச் சிறந்த வழி: முதல் நான்கு பேரை நீங்கள் அழையுங்கள். "அரசியலில் உங்களோடு ஒத்துப்போகாத, ஆனால் நீங்கள் மதிக்கிற ஒருவரை அழைத்து வாருங்கள்" என்று அந்த நால்வரிடமும் கேளுங்கள். சுவரொட்டி ஒட்டினால் ஏற்கெனவே மேடை தேடுகிறவர்கள்தான் வருவார்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்களை முதல் ஆறு மாதம் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இல்லை. வாய் தவறி ஒரு சொல் வந்தாலும் பதவிக்கு ஆபத்து என்ற நிலையில் யாரும் மனம் திறந்து பேச முடியாது.

எட்டில் நான்கு பேராவது பெண்களாக இருக்கட்டும். ஒரே சாதிக்காரர்கள் மட்டும் இருக்கும் வட்டம், கட்சி எத்தனை இருந்தாலும், கலந்த வட்டம் ஆகாது.

இடமும் இருக்கையும்

டீக்கடை பெஞ்சுதான் அரசியல் பேச ஏற்ற இடம் என்று தோன்றும். வேண்டாம். அங்கே யார் வேண்டுமானாலும் நடுவில் வந்து சேர்வார்கள். பெண்கள் உட்கார மாட்டார்கள். இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களில் அந்தக் கடைக்குள் நுழைவதே சிலருக்கு உறுத்தும். கோயில் மண்டபம், கட்சி அலுவலகம், வட்டத்தில் ஒருவருடைய வீடு ஆகியவையும் வேண்டாம். விருந்தோம்பும் வீட்டுக்காரரை எதிர்த்துப் பேச நம் ஆட்களுக்கு வாய் வராது. கிளை நூலகத்தில் அனுமதி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் டியூஷன் சென்டர், குடியிருப்புச் சங்க அறை, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் தையல் பயிற்சிக் கூடம் என்று ஏதாவது ஒன்று. யாருக்கும் சொந்தமாகத் தோன்றாத இடமாக இருந்தால் போதும்.

இரண்டு ஜமுக்காளம் விரித்து எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்காருங்கள். மூட்டு வலி உள்ளவர் ஒருவர் இருந்தால்கூட எல்லோருக்கும் நாற்காலி போடுங்கள். சிலர் நாற்காலியிலும் சிலர் தரையிலும் இருந்தால், பேச்சுத் தொடங்குமுன்பே யார் பெரியவர் என்று முடிவாகிவிடும். ஒரே கட்சிக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. கண்ஜாடையும் முழங்கை இடியும் வட்டத்தைக் கெடுக்கும்.

தேவையான பொருள்: எல்லோருக்கும் தெரியும்படி ஒரு கடிகாரம், அஞ்சலட்டை அளவில் வெட்டிய வெள்ளை அட்டைகள் முப்பது, ஒரு சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா இரண்டு, டீயும் சுண்டலும். டீயைக் கடைசியில் கொடுங்கள். தொடக்கத்தில் கொடுத்தால் அவரவர் ஆளோடு அவரவர் ஒதுங்கிவிடுவார்கள்.

தேர்தல் தேதி அறிவித்த பிறகு புது வட்டம் தொடங்காதீர்கள். அந்த நாள்களில் எல்லோரும் படைவீரர் மனநிலையில் இருப்பார்கள். தேர்தல் நடத்தை விதிகளின் கெடுபிடியும் இருக்கும்.

கேள்வியை அமைப்பது

தலைவர் பெயரோ கட்சிப் பெயரோ கேள்வியில் வரக் கூடாது. "எது சிறந்த ஆட்சி" என்பது போன்ற கேள்வி தொடங்கிய நிமிடமே முடிந்துவிடும். சூடு நடுத்தரமாக உள்ள தலைப்பிலிருந்து தொடங்குங்கள். மொழிக் கொள்கை, நீட், மதம் ஆகியவற்றை நான்காம் கூட்டத்துக்குப் பிறகு எடுக்கலாம்.

தமிழ்நாட்டில் தொடங்குவோருக்கு நாங்கள் பரிந்துரைப்பது மதுவிலக்கு. கட்சிக் கோட்டின்படி பிரியாத தலைப்பு இது. எல்லாக் கட்சியிலும் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள், எல்லா வீட்டிலும் ஒரு அனுபவம் இருக்கிறது. வரலாறு யாரையும் விட்டுவைக்கவில்லை. 1937இல் சேலத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் கருணாநிதி ஆட்சி அதைத் தளர்த்தியது, 1974இல் அதே ஆட்சி மறுபடி கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் திறந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003இல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அதனிடம் ஒப்படைத்தது. 2016இல் மீண்டும் பதவியேற்றதும் 500 கடைகளை மூடவும், திறக்கும் நேரத்தைக் காலை 10 மணியிலிருந்து நண்பகல் 12 ஆக்கவும் அவரே உத்தரவிட்டார். "உங்க ஆட்சிதான் செஞ்சது" என்று யாரும் யாரையும் பார்த்து நிம்மதியாகச் சொல்ல முடியாது.

"டாஸ்மாக்கை மூடணுமா, வேண்டாமா?" என்று கேட்டால் இரண்டு கட்சியாகிவிடும். "நம் ஊரில் மது விற்பனை எங்கே, எப்போது, எந்த அளவில் இருக்கலாம்? இருக்கவே கூடாதென்றால் அதை எப்படி நடைமுறைப்படுத்துவது?" என்று கேளுங்கள். நல்ல கேள்விக்கு இரண்டுக்கு மேற்பட்ட பதில் இருக்கும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்கத் தகவல் தாள் தயார் செய்து கொடுங்கள். மேலே சொன்ன ஆண்டுகள், மதுவிலக்குக்கு முயல வேண்டும் என்று அரசுக்குச் சொல்லும் அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் என்ற கணக்கு, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தது. இவ்வளவு போதும். தாளை இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவரிடம் முதலில் காட்டுங்கள். "இந்த வரி ஒரு பக்கமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் வாதாடாமல் மாற்றி எழுதுங்கள். தாளின்மேல் சந்தேகம் வந்தால் கூட்டமே தாளைப் பற்றியதாகிவிடும்.

கள்ளக்குறிச்சி வரியைக் கூர்ந்து கவனியுங்கள். கடையை மூட வேண்டும் என்பவர், "குடிக்குப் பழக்கிவிட்டது கடை, கடை விலை கட்டுப்படியாகாத நாளில் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள்" என்பார். மூடக் கூடாது என்பவர், "கடை இருக்கும்போதே இவ்வளவு சாவு, மூடினால் ஊருக்கு ஊர் இதுதான்" என்பார். ஒரே செய்தி, இரண்டு வாதத்துக்கும் தூண். "உண்மையைக் காட்டினால் அவருக்குப் புரிந்துவிடும்" என்ற நம்பிக்கையோடு வருகிற புதியவர்களுக்கு இந்த ஒரு வரியை விளக்கிச் சொல்லுங்கள். அந்த உண்மை இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியும். அதை எங்கே பொருத்துகிறார்கள் என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

100 நிமிடம்

1. தொடக்கம், 10 நிமிடம். பெயர், ஊர், எத்தனை வருடமாக இந்தப் பகுதியில் இருக்கிறார் என்பது மட்டும். கட்சியைச் சொல்லச் சொல்லாதீர்கள். மூன்று விதிகளைப் படியுங்கள்: குறுக்கே பேசக் கூடாது, இங்கே பேசியதைப் பெயர் சொல்லி வெளியே சொல்லக் கூடாது, போன் பைக்குள் இருக்க வேண்டும் (பதிவு கிடையாது).

2. அனுபவச் சுற்று, 20 நிமிடம். ஆளுக்கு இரண்டு நிமிடம். "இந்த விஷயம் உங்கள் வாழ்க்கையில் எங்கே வந்து தொட்டது?" என்பது கேள்வி. கருத்துக்கு இங்கே இடமில்லை. அமெரிக்காவின் மயாமியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வொன்றில், வீட்டு வாசலில் நின்று பத்து நிமிடம் அனுபவத்தைக் கேட்டும் சொல்லியும் பேசிய பேச்சு, திருநங்கைகள், திருநம்பிகள் மீதான முன்முடிவைக் குறைத்தது. அந்த மாற்றம் குறைந்தது மூன்று மாதம் நீடித்தது. வாதத்துக்கு எதிர்வாதம் உடனே வாயில் வந்துவிடும். அனுபவத்தைக் கேட்கும்போது அப்படி வருவதில்லை.

3. மறுகூற்று, 35 நிமிடம். இதை அடுத்து விரிவாகப் பார்ப்போம்.

4. திறந்த பேச்சு, 25 நிமிடம். யார் வேண்டுமானாலும் பேசலாம். ஒரு நிபந்தனை: முன்பு பேசியவர் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

5. முடிப்பு, 10 நிமிடம். ஒவ்வொருவரும் "எனக்கு இன்று புதிதாகப் பட்டது" என்று ஒரு வாக்கியம். பிறகு டீ.

மறுகூற்று: வட்டத்தின் உயிர்நாடி

எதிர்க் கருத்து உள்ளவர்களை ஜோடியாகப் பிரியுங்கள். ஒருவர் மூன்று நிமிடம் பேசுகிறார். மற்றவர் குறிப்பு எடுக்காமல் கேட்கிறார், பிறகு ஒரு நிமிடத்தில் திருப்பிச் சொல்கிறார். பேசியவர் "சரி" என்றோ, "இது விட்டுப்போச்சு" என்றோ சொல்ல வேண்டும். "சரி" வரும்வரை மூன்று முயற்சி. பிறகு இடம் மாறிச் செய்ய வேண்டும். ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். ஆள் மாற்றி இன்னொரு முறை. மீதி நேரம் இடம் மாறி உட்காரவும் மூச்சு விடவும்.

மகளிர் குழுவில் இருக்கும் ஐம்பது வயது அக்காவும், கடையை மூடுவது தீர்வாகாது என்று நினைக்கும் இருபத்தைந்து வயது தம்பியும் ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

"சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கிட்டு பஸ்ஸ விட்டு இறங்குறார் தம்பி. பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடுவுலதான் கடை. அந்த நூறடியத் தாண்டித்தான் பணம் வீடு வந்து சேரணும். கடையே இல்லன்னா குடிக்கவே மாட்டார்னு நான் சொல்லல. தேடிப் போகணும்ல? அந்த அலைச்சலுக்கே பாதி நாள் வீட்டுக்கு வந்துடுவார்."

"அக்கா சொல்றது, கடைய மூடிட்டா எல்லாரும் குடிய விட்டுடுவாங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேப்பா."

"சரிக்கா. கடை பக்கத்துல இருக்கு, அதான் குடி சுலபமாயிடுது. தூரமா இருந்தா கொஞ்சமாவது குறையும்."

"அது சரி. சனிக்கிழமைய விட்டுட்டியே."

"கூலி கையில வர்ற நேரம், வழியில கடை. ரெண்டும் ஒண்ணா வந்து சேருது. அதப் பிரிச்சாலே பாதிப் பணம் வீட்டுக்கு வந்துடும்ங்கிறீங்க."

"ஆமாப்பா, அதான்."

முதல் முயற்சியில் தம்பி செய்தது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை: எதிராளி சொன்னதை, மறுப்பதற்கு வசதியான அளவுக்கு ஊதிப் பெரிதாக்குவது. வேண்டுமென்று செய்வதில்லை. அக்கா பேசிக்கொண்டிருந்தபோது அவர் தன் பதிலை மனத்துக்குள் தயார் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். மூன்றாம் முயற்சியில் பேச்சு எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். மூடுவதா வேண்டாமா என்ற இடத்திலிருந்து நகர்ந்து, கடை எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே இரண்டு பேருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, சண்டை குறைவு.

அக்காவின் முறை வரும்போது வேறு பிழை வரலாம். "கடைய மூடிட்டா உங்களுக்குக் கஷ்டம்ங்கிறே" என்று தொடங்குவார். அது வாதத்தைச் சொல்லாமல் உள்நோக்கத்தைச் சொல்வது. நெறியாளர் உடனே "அவர் சொன்ன காரணத்தை மட்டும் சொல்லுங்கக்கா" என்று திருத்த வேண்டும். மூன்றாவது வகைப் பிழை குரலில் இருக்கும். சொல் சரியாக இருக்கும், உதட்டில் கிண்டல் இருக்கும். "அப்படியாம்", "அதாவது இவங்களுக்கு" போன்ற சொற்களால் கண்டுபிடித்துவிடலாம். "சரி" என்பதா இல்லையா என்பது எப்போதும் பேசியவரின் உரிமை. நெறியாளர் அதில் தலையிடக் கூடாது.

சிலர் எத்தனை முறை சொன்னாலும் "சரி" என்று சொல்ல மாட்டார்கள். சரி என்றால் தோற்றதாகிவிடும் என்ற பயம். மூன்று முயற்சிக்குப் பிறகும் அப்படியே இருந்தால், அவரையே ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லி, அதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்லட்டும்.

நெறியாளர்கள் இருவர்

இரண்டு நெறியாளர்களும் வெவ்வேறு சாய்வு உள்ளவர்களாக இருக்க வேண்டும். நடுநிலையாளர் ஒருவரைத் தேடி அலையாதீர்கள். அப்படி ஒருவர் கிடைத்தாலும் ஊர் நம்பாது. சாய்வு தெரிந்த இருவர் ஒருவரையொருவர் திருத்துவதை எல்லோரும் பார்ப்பதுதான் நம்பிக்கை தரும். அயர்லாந்தில் 2012 முதல் 2014 வரை நடந்த அரசியலமைப்பு மாநாட்டில் 66 பொதுமக்களும் 33 அரசியல்வாதிகளும் ஒரு தலைவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். அதற்குப் பின் 2016இல் 99 குடிமக்களோடும் ஒரு தலைவரோடும் மக்கள் மன்றம் கூடி, அந்நாட்டையே பிளந்து வைத்திருந்த கருக்கலைப்புச் சட்டத்தை ஐந்து வார இறுதிகள் பேசியது. அதை அடுத்து 2018இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் மாற்றத்தை ஏற்றார்கள். நாடு தழுவிய அந்த ஏற்பாட்டிலும் உண்மையான வேலை நடந்தது சிறு மேசைகளில், பேச்சை ஒழுங்குபடுத்த ஒருவரும் குறிப்பெடுக்க ஒருவரும் உட்கார்ந்த இடத்தில்.

நெறியாளர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய வாக்கியங்கள் நான்கு. "கொஞ்சம் பொறுங்க, அவர் முடிக்கட்டும்." "அவங்க என்ன சொன்னாங்கன்னு முதல்ல சொல்லிடுங்க." "இது கேள்வியா, பதிலா?" "இதச் சரிபார்க்கிற தாள்ல எழுதிக்குவோம்."

கடைசி வாக்கியம் பல கூட்டங்களைக் காப்பாற்றும். ஒருவர் ஒரு புள்ளிவிவரத்தைச் சொல்வார், இன்னொருவர் "பொய்" என்பார். அங்கேயே போனை எடுத்துத் தேடினால் கூட்டம் முடிந்தது. ஆளுக்கு ஒரு இணைப்பைக் காட்டுவார்கள். சார்ட் பேப்பரில் அந்தக் கூற்றை எழுதுங்கள். எதிரெதிர்த் தரப்பிலிருந்து இருவர் சேர்ந்து அதைச் சரிபார்த்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். மது பற்றிய கணக்கு என்றால் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு இருக்கிறது. எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதற்குத் தேசிய குடும்ப நல ஆய்வு இருக்கிறது. கடை அமைந்த இடம் பற்றிய உள்ளூர்த் தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். அந்த மனுவில் இரண்டு தரப்பும் சேர்ந்து கேள்வி எழுதும்போது, வட்டத்தில் நடக்காத நெருக்கம் அங்கே நடக்கும்.

எங்கே கெடும்

சங்கி, உபி, தும்பி, அடிமை போன்ற பட்டப்பெயர்கள் எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். பேச்சை முடிப்பதற்கென்றே செய்த சொற்கள் அவை. "200 ரூபாய்" என்பதும் அப்படித்தான். எதிராளிக்குச் சொந்தமாகக் கருத்தே இருக்க முடியாது, விலைக்கு வாங்கப்பட்டவர் என்று அது சொல்கிறது. முதல் முறை வந்தால் "அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்க" என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை வந்தால் ஐந்து நிமிடம் வெளியே காற்று வாங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். மூன்றாம் முறைக்கு அவர் அடுத்த மாதம் வர வேண்டாம்.

ஒரு பழியைச் சொன்னால் "அப்போ அவங்க ஆட்சியில நடக்கலையா?" என்று பதில் வருவது அடுத்த நோய். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. "அதையும் பேசுவோம், முதல்ல இதுக்குப் பதில்" என்று வரிசையில் வைக்க வேண்டும்.

பேசாதவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமைதியாக இருப்பவரை எல்லோர் முன்னும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று குத்திக் கேட்காதீர்கள். சிலர் அமைதிக்குக் காரணம் கூச்சம், சிலருக்குப் பிழைப்பு. முதலாளியும் தொழிலாளியும், வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் ஒரே வட்டத்தில் வந்தால், ஒருவர் வாய் திறக்காது. ஆள் சேர்க்கும்போதே இதைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லையும் உண்டு. மாற்றுக் கருத்துக்கு இடம் கொடுப்பது என்றால் எதையும் விவாதத்துக்கு வைக்கலாம் என்று பொருளாகாது. இட ஒதுக்கீட்டின் அளவைப் பற்றிப் பேசலாம். தீண்டாமை சரியா என்று பேச முடியாது, அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு அதை ஒழித்துவிட்டது. வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மனிதராக அங்கே இருக்கத் தகுதி உள்ளவரா என்பது எந்த நாளும் தலைப்பாக முடியாது. அப்படிப் பேச்சு திரும்பினால் நெறியாளர் நிறுத்த வேண்டும், சமநிலை பார்க்கக் கூடாது. காயம் பட்டவரையே பதில் சொல்லச் சொல்வது பெரிய அநியாயம்.

வாட்ஸ்அப் குழு

வட்டத்துக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினால் தேதி, இடம், தகவல் தாள் மட்டும் அதில் வரட்டும். நெறியாளர்கள் மட்டும் அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். எதிரணியின் பதிவுகளை நிறையப் படித்தாலே மனம் விரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ட்விட்டர் பயன்படுத்துபவர்களுக்குப் பணம் கொடுத்து, ஒரு மாதம் எதிர்த்தரப்புப் பதிவுகளைப் பார்க்க வைத்த ஆய்வு 2018இல் அமெரிக்காவில் வெளியானது. குடியரசுக் கட்சியினர் முன்னைவிடத் தீவிரமானார்கள், ஜனநாயகக் கட்சியினரிடம் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. காரணம் யூகிக்கக் கடினமில்லை. நம் கண்ணுக்கு வந்து சேரும் பதிவுகள் எதிரணியில் உரத்துக் கத்துகிறவர்களுடையவை. பக்கத்து வீட்டு அக்காவின் சனிக்கிழமைக் கணக்கு அவற்றில் வராது.

குடும்பக் குழுவில் மாமா ஒரு தவறான ஃபார்வர்டு போட்டால், அங்கேயே திருத்தாதீர்கள். பத்து உறவினர் முன் திருத்தப்பட்டவர் பின்வாங்க மாட்டார். மறுநாள் போன் செய்யுங்கள். "மாமா, நேத்து அனுப்புனீங்களே, அதுல உங்களுக்கு எது ரொம்ப உறுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். உங்கள் திருத்தத்தை அதற்குப் பிறகு சொல்லலாம்.

பலன் வந்ததா என்று பார்ப்பது

மூன்றாம் கூட்டத்தின் முடிவில் அட்டைச் சோதனை வையுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு அட்டை. ஒன்றில் தன் தரப்பின் வலுவான காரணம், இன்னொன்றில் எதிர்த்தரப்பின் வலுவான காரணம், ஒவ்வொன்றும் மூன்று வரியில். பெயர் எழுதக் கூடாது. பெரிய எழுத்தில், எல்லோரும் ஒரே நிறப் பேனாவில். எழுத்து வராதவருக்கு நெறியாளர் தனியாக உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதித் தரட்டும். அட்டைகளைக் கலக்கி நெறியாளர் ஒவ்வொன்றாகப் படிப்பார். "இதை எழுதியவர் உண்மையிலேயே இந்தத் தரப்பா, மற்றத் தரப்பா?" என்று எல்லோரும் கை தூக்கிச் சொல்ல வேண்டும்.

சரியாகக் கண்டுபிடித்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினாறு அட்டையில் பதின்மூன்று, பதினான்கு என்று எளிதாகக் கண்டுபிடித்துவிட்டால், எதிர்த்தரப்பை எல்லோரும் இன்னும் கேலிச்சித்திரமாகத்தான் எழுதுகிறார்கள் என்று பொருள். மறுகூற்று நேரத்தை அடுத்த மாதம் 45 நிமிடமாக்கித் திறந்த பேச்சைக் குறையுங்கள். எட்டு, ஒன்பது என்று தடுமாறினால் வட்டம் கற்றுக்கொண்டது. அப்போது தலைப்பின் சூட்டை ஒரு படி ஏற்றலாம், மொழிக் கொள்கையை எடுக்கலாம்.

படித்து முடித்த அட்டைகளில் எதிர்த்தரப்பினர் எழுதியதாகத் தெரியவந்த மிக நல்ல அட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது யாருடைய வாதத்தைச் சொல்கிறதோ அந்தத் தரப்பினரிடமே கொடுத்துத் திருத்தம் கேளுங்கள். ஒரு சொல்லை மாற்றுவார்கள், அல்லது ஒரு வரி சேர்ப்பார்கள். திருத்திய அட்டையை அடுத்த கூட்டத் தகவல் தாளின் மேல் ஒட்டிவிட்டு, டீ ஆறுமுன் அடுத்த மாதத் தேதியை முடிவு செய்யுங்கள்.